எல்லைப்பிள்ளைச்சாவடி

நாலாம் எண் அறையின் சாம்பல் கிண்ணத்தில்தான்
முதலில் கிடைத்தது.
பாதி எரிந்து, நுனி நசுங்கி,
யாரோ பெங்களூர்க்காரர் உதட்டு ஈரத்தோடு.
நான் தலையணை உறை மாற்றப் போயிருந்தேன்.

துய்மா வீதி விடுதியில் எனக்குப்
பதினோரு கட்டில், இருபத்திரண்டு தலையணை.
சோப்புத்தூள் வாசம் வந்தாலே
குடல் தொண்டைக்கு ஏறும்.
இட்லி நிற்கவில்லை. எலுமிச்சை நிற்கவில்லை.
கஞ்சி நிற்கவில்லை.
கஞ்சிக்கும் அதற்கும்
ஓரெழுத்துதான் வித்தியாசம் என்று
பால்கனியில் பற்றவைத்தபோது
எனக்கே சிரிப்பு வந்தது.

நின்றது.
அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நின்றது.
அன்று மதியம் மீன்குழம்பு சாப்பிட்டேன்,
முள்ளைக்கூட உறிஞ்சினேன்.

இலைதானே என்று எனக்கு நானே.
மாத்திரையா மருந்தா, மண்ணில் முளைத்ததுதானே.
எருக்கும் மண்ணில்தான் முளைக்கிறது,
அது அப்போது ஞாபகம் வரவில்லை.

வாந்தி மூன்றாம் மாதத்தோடு போய்விட்டது.
நான் விடவில்லை.
தூக்கத்துக்கு என்றேன். இடுப்பு வலிக்கு என்றேன்.
வெள்ளிக்கிழமை வந்தால்
கார்களின் நம்பர் பலகையைப் படித்தேன்,
எந்த அறை எதை விட்டுப்போகும் என்று.

எல்லைப்பிள்ளைச்சாவடி ஆஸ்பத்திரியில்
அட்டை எழுதின பெண்
குனிந்தபடியே கேட்டாள்.
அமலோற்பவம், வயசு?
இருபத்தாறு.
சுகர்? இல்லை. தைராய்டு? இல்லை.
பீடி, சிகரெட், புகையிலை, வேறு ஏதாவது?
அந்த வேறு ஏதாவதை அவள்
கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.
மாசில்லை என்று என் பெயரிலேயே எழுதியிருக்கிறது.
இல்லை என்றேன்.
நீல மையில் ஒரு கோடு.

சவரிக்கும் தெரியாது.
ஸ்கூட்டர் வாடகைக் கடையில் பத்துமணிவரை நின்றுவிட்டு
வந்து வயிற்றில் காது வைப்பான்.
தலைமுடியில் என்ன வாசம் என்பான்.
ஊதுவத்தி என்பேன்,
விடுதியில் எப்போதும் ஏற்றுகிறார்கள்.

இருபத்தெட்டாம் வாரம்
டாக்டர் ராகினி வயிற்றில் டேப் வைத்தார்,
தையல்காரர் வைப்பாரே, அதே மஞ்சள் டேப்.
மறுபடி வைத்தார்.
ஸ்கேனுக்கு அனுப்பினார்.
வாரத்துக்கு ஏற்ற எடை இல்லை என்று
திரையைப் பார்த்தபடி ஒருவர் சொன்னார்,
நெத்திலிக்கு விலை சொல்கிற குரலில்.

அன்றைக்கு மட்டும் அறைக்கதவு சாத்தியிருந்தது.
அதனால்தானோ என்னவோ
சொல்லிவிட்டேன்,
நாலாம் எண் அறையிலிருந்து தொடங்கி.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
அது கொடி வழியாகப் போகும் என்றார்.
கொழுப்பில் தங்கும், நாள்கணக்கில்.
இதனால்தான் எடை குறைந்தது என்று
என்னால் சத்தியம் பண்ண முடியாது,
இதனால் இல்லை என்றும் முடியாது.
குறைமாதம் ஆகலாம்.
பிறந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க நேரலாம்.
பள்ளிக்கூட வயதில் கவனம் சிதறலாம்,
சிதறாமலும் போகலாம்.
இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு
யாருக்கும் தெரியாது.
இன்று நிறுத்தினால் இன்றிலிருந்து நல்லது.

எழுந்தபோதுதான் சொன்னார்:
வாந்திக்கு மாத்திரை இருந்ததே, அமலம்.
இங்கேயே. காசில்லாமல்.
கேட்டிருக்கலாமே.

கேட்டிருக்கலாம்.
ஒரு மாசமாய் அந்த ஒரு சொல்
என்னோடு பஸ் ஏறுகிறது.

நாலாம் எண் அறைக்கு இப்போது குணவதி போகிறாள்.
ஏன் மாற்றிக்கொண்டாய் என்று அவள் கேட்கவில்லை,
கிண்ணத்தில் என்ன இருந்தது என்று
நானும் கேட்கவில்லை.
சில இரவு நாக்கு கேட்கும்.
எழுந்து தண்ணீர் குடிப்பேன்.

சாப்பிட்டபின் அசைவை எண்ணச் சொன்னார்,
பத்து வரவேண்டும்.
வில்லியனூர் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் அட்டை.
ஆறு, இந்திரா சிலையில்.
ஏழு, சிக்னல் பச்சை விழுந்தபோது.
எட்டு, பசியா கோபமா தெரியவில்லை.
எல்லப்பிள்ள எறங்கு, எல்லப்பிள்ள, என்று
கண்டக்டர் கத்துகிறார், பாதிப் பெயரை விழுங்கி.

ஒன்பது.

நான் எழவில்லை.
ரெட்டியார்பாளையம்வரை டிக்கெட் கேட்டால்
வாங்கிக்கொள்கிறேன்.